மூன்றாம் குடிலில் நடந்த படுகொலை

அந்தக் குடைமிளகாய்ப் பண்ணையின் மூன்றாம் பசுமைக்குடிலுக்குள் நுழைந்தால் எல்லாம் சமத்தாகத்தான் தெரியும். கண்ணாடிக் கூரை, எட்டு வரிசைச் செடிகள், சொட்டுநீர்க் குழாய்கள், நடுவே சிமெண்டுப் பாதை. ஓர் இலையைத் திருப்பிப் பார்த்தால்தான் சங்கதி தெரியும்.

அங்கே அசுவினிகள். கடுகில் பாதி உருவம், பச்சை நிறம், செடியின் சாற்றை உறிஞ்சுவது ஒன்றே பிழைப்பு. புருஷன் இல்லாமலே பிள்ளை பெறும். பிறக்கிற பிள்ளை வயிற்றில் பேத்தியோடு பிறக்கும். காலையில் நூறு இருந்தது, குடிலின் பொறுப்பாளரம்மா டீ குடித்துவிட்டுத் திரும்புவதற்குள் ஒரு கோடி ஆகிவிட்டது. கொஞ்சம் கூடக்குறைய இருக்கலாம். எண்ணியவர் யார்?

மேனேஜர் வந்தார், இலையைத் திருப்பினார், முகம் சுளித்தார்.

"பத்து நாள் டைம்மா. அடங்கலேன்னா அத்தனை செடியையும் பிடுங்கி எரிச்சுடுவோம். குடிலை உங்க கொழுந்தன்கிட்ட கொடுத்துடறேன். அவர் மருந்தடிச்சுப் புதுசா நடட்டும்."

பொறுப்பாளரம்மாவுக்கு நெஞ்சில் கடப்பாறையை இறக்கியது போலிருந்தது. ஒவ்வொன்றும் அவள் விதை போட்டு முளைக்க வைத்த செடி. கொழுந்தனோ முதல் இரண்டு குடில்களின் ராஜா. முதுகில் மருந்து டாங்கியோடு அவன் வந்தால் ஈ, கொசு, எறும்பு எல்லாம் உயில் எழுதிவிடும். தங்கமான மனுஷன் என்பதுதான் இதில் கொடுமை.

"அண்ணி, உங்க குடில் எனக்கு வேண்டாம். ஒரே ஒரு தடவை அடிச்சு விட்டுடறேனே?"

"என் குடில்ல உன் டாங்கி நுழைஞ்சா, டாங்கியோட சேர்த்து உன்னையும் புதைச்சுடுவேன். என் ஆளுங்க வர்றாங்க."

ஆட்கள் அட்டைப்பெட்டியில் வந்தார்கள். ஐந்நூறு பொறிவண்டுப் புழுக்கள். வளர்ந்த பொறிவண்டு சிவப்புச் சட்டையில் கறுப்புப் பொட்டு வைத்துக்கொண்டு அழகாக இருக்கும். அதன் பிள்ளைப் பருவத்தைப் பார்த்தால் பெற்ற தாயே பயப்படுவாள்: கறுப்பு உடம்பு, முள், ஆறு கால், முதலையைச் சுருக்கி நகத்தின் மேல் வைத்தாற்போல.

எட்டு வரிசையிலும் அவற்றை விட்டுவிட்டுப் பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்தாள். முதல் புழு ஓர் அசுவினியைக் கவ்வியது, அப்படியே தூக்கியது, சாற்றை உறிஞ்சித் தோலை எறிந்தது. அடுத்தது. அடுத்தது. தாயைத் தின்றது, தாயின் வயிற்றிலிருந்து பாதி வெளியே வந்திருந்த பிள்ளையையும் தின்றது. இலையெங்கும் வெள்ளைத் தோல்கள்.

"தின்னுங்கடா ராசாக்களா," என்றாள்.

மறுநாள் எறும்புப் படை வந்தது. அசுவினியின் பின்புறம் சொட்டும் தேனுக்கு எறும்பு அடிமை. அந்தத் தேனுக்காக உயிரைக் கொடுக்கும், எடுக்கவும் செய்யும். ஒரு புழுவை ஆறு எறும்புகள் வளைத்தன. ஒன்று காலைக் கடிக்க, ஒன்று வயிற்றைக் கிழிக்க, மிச்சம் நாலும் இலையிலிருந்து உருட்டித் தள்ளின. அவள் ஒவ்வொரு தண்டின் அடியிலும் துணி சுற்றி அதன்மேல் கிரீஸ் பூசினாள். ஏறிய எறும்பு அதிலேயே ஒட்டிச் செத்தது. நாலு வரிசை முடிந்ததும் கிரீஸ் தீர்ந்தது. வாங்கக் கடைக்குப் போனாள்.

போன நேரம் பார்த்துக் கொழுந்தன் உள்ளே வந்தான், டாங்கி இல்லாமல், அண்ணிக்கு உதவி செய்யலாமென்று. கிரீஸ் பூசாத வரிசையில் இலையைத் திருப்பினான். அசுவினிகளுக்கு நடுவே கறுப்பு முள் பூதம்! அவன் குடில்களில் இருபது வருஷமாக எதுவும் உயிரோடு இருந்ததில்லை. எது நம்மாள், எது எதிரி என்று பிரித்துப் பார்க்க அவனுக்கு அவசியமே வந்ததில்லை. கட்டைவிரலை வைத்தான், நசுக்கினான். மஞ்சளாக ஒன்று பீச்சியடித்து நாறியது. நாறினால் நாறட்டும் என்று நாலு வரிசையையும் முடித்தான்.

"அண்ணி! உங்க எதிரி ஒழிஞ்சான்," என்று கடையிலிருந்து திரும்பியவளிடம் மஞ்சள் விரலைக் காட்டினான். "இருநூறுக்குக் குறையாது."

அவள் விரலை முகர்ந்தாள். அவ்வளவுதான்.

"அடப்பாவி! என் பிள்ளைங்களைக் கொன்னுட்டியேடா!"

கிரீஸ் டப்பா பறந்தது. அவன் குனிந்திருக்காவிட்டால் அவள் புருஷன் ஒரு தம்பியை இழந்திருப்பான். கதவுக் கண்ணாடி தூளானது. கத்தரிக்கோலோடு பண்ணையை மூன்று சுற்று துரத்தினாள். மூச்சு வாங்கியதால்தான் அவன் பிழைத்தான்.

பத்தாம் நாள். கிரீஸ் பூசிய நாலு வரிசையில் இலைகள் நிமிர்ந்து நின்றன. மற்ற நாலிலும் இலை சுருண்டு, தேன் வழிந்து, அதன்மேல் கரும்பூஞ்சை பூத்துக் கரி அள்ளிப் பூசியதுபோலக் கிடந்தது.

மேனேஜர் நல்ல வரிசையில் ஓர் இலையைத் திருப்பினார். "இதுலயும் அங்கங்க நாலஞ்சு அசுவினி இருக்கே."

"இருக்கணும் சார். அதுவும் இல்லேன்னா என் ஆளுங்க ஒருத்தரையொருத்தர் தின்னு தீர்த்துடுவாங்க. அப்புறம் ஜன்னல் வழியா ஒரே ஒரு அசுவினி வந்தாக்கூட, தடுக்க நாதி இருக்காது."

அவர் இலையைப் பழையபடி திருப்பி விட்டார்.

"அந்த நாலையும் எரிச்சுடுங்க. இந்த நாலும் குடிலும் உங்ககிட்டயே இருக்கட்டும்."

பாதி போயிற்று. பாதி நின்றது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கொழுந்தனைப் பார்த்தாள்.

"பிடுங்கு. ஆனா ஒவ்வொரு இலையையும் திருப்பிப் பார்த்துட்டுத்தான் நெருப்புல போடணும். உன் கைக்குத் தப்பினவன் எவனாவது இருப்பான்."

எழுபதாவது செடியில் கொழுந்தன் அலறினான். "அண்ணி! இங்க ஒருத்தன்!"

புழுவை உள்ளங்கையில் ஏந்தி, துளிக்கூட ஆடாமல் நல்ல வரிசையை நோக்கி நடந்தான். பாதி வழியில் முகம் கோணியது.

"கடிக்கிறான் அண்ணி."

"கடிக்கட்டும்," என்றாள். "நட."