ஜோ, டொக், ஜியா

ஜார்ஜியாவை இரண்டு நாடாக்கியவன் நான்தான். படை எதுவும் நடத்தவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தபடி "சரி" என்று ஒரு வார்த்தை சொன்னேன், அவ்வளவுதான்.

அந்த வசந்தத்தில்தான் எங்கள் அரசாங்கம் எங்கள் மொழியில் அந்த நாட்டுக்கு வழங்கும் பெயரை மாற்றியிருந்தது. அதுவரை ரஷ்யர்கள் வாய்வழி வந்த குருஜியா. இனி ஆங்கிலேயர் வாய்வழி வந்த ஜோஜியா. புத்தகக் கடைகள் நிறைந்த ஜிம்போச்சோவில் பள்ளி அட்லஸ் போடும் எங்கள் பதிப்பகமும் வரைபடங்களில் உடனே மாற்றிவிட்டது. கடைசிப் பக்கங்களின் பெயர் அட்டவணையில் மட்டும் குருஜியா அசையாமல் உட்கார்ந்திருந்தது. நாலாயிரம் பிரதி அச்சாகி வந்த பிறகுதான் அது யார் கண்ணிலோ பட்டது.

பிழை பார்ப்பது எங்கள் ஆபீசில் இரண்டு பேர் வேலை. ஒருவர் மூலத்தை உரக்கப் படிப்பார். மற்றவர் அச்சுத்தாளில் விரலை ஓட்டி, வரிக்கு வரி "சரி" சொல்வார். எங்கள் எழுத்தில் வெளிநாட்டுப் பெயர்களின் நெடில் ஓசைக்குப் போடும் கோடுதான் பெரிய தொல்லை. அதை எல்லோரும் வாயால் சொல்வார்கள்: ந்யூ, கோடு, யோ, கோடு, கு. என் ஜோடி நிஷினா சான் ('சான்' எங்கள் மரியாதைச் சொல்) மட்டும் சொல்லமாட்டார். பென்சிலின் பின்பக்கத்தால் மேசையில் ஒரு தட்டு. ந்யூ, டொக், யோ, டொக், கு. நியூயார்க் எப்படிப்பட்ட ஊர் என்று போனவர்கள் சொல்லட்டும். ஒன்பது வருடமாகக் காதால் கேட்டவன் நான், என்னிடம் யாரும் அதைக் குறை சொல்ல முடியாது.

பெயர் அட்டவணையைப் பார்க்கும்போது அப்படி நான் லயித்திருந்த ஒரு பிற்பகலில்தான் அவர் "ஜோ, டொக், ஜியா" என்றார். என் தாளில் அந்த வரியே இல்லை. நான் "சரி" என்றேன்.

அச்சான பிறகு பிழை பிடிபட்டதே, அதற்கு அடுத்த திங்கட்கிழமை வெள்ளைப் பலகையில் ஜோடிகள் மாறியிருந்தன. நிஷினா, ஹயசே. என் பெயருக்கு எதிரே: பிழைமேல் ஒட்டும் ஒட்டுத்தாள்.

ஹயசே வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. சட்டை மடிப்பு கலையாதவன். "சரி" என்பதைக்கூடச் சூடான தேநீரைத் தட்டில் வைத்து நீட்டுவது போலச் சொல்வான். நான் முதன்மைப் பதிப்பாசிரியர் தொகாவாவிடம் போய் நின்றேன்.

"ஜோடிய ஏன் மாத்தினீங்க?"

"அது வந்து குசகபே... கொஞ்சம்..." என்று என் பெயரோடு இழுத்து நிறுத்தி அவர் ஜன்னலைப் பார்த்தார்.

எங்களிடம் "கொஞ்சம்" என்று இழுத்தால் வாக்கியம் முடிந்துவிட்டது என்று பொருள். மிச்சத்தைக் கேட்பவன் நாகரிகம் தெரியாதவன். எனக்கு அப்போது இன்னும் நாகரிகம் தெரிந்திருந்தது.

மூன்றாம் நாள் தடுப்புக்கு அப்பாலிருந்து கேட்டது: டொக். என் டொக், அவனுக்கு! கையிலிருந்த சோற்றுருண்டையைக் கடிக்காமல் வைத்துக்கொண்டே காது கொடுத்தேன். மா, டொக், ஷல் தீவுகள். மடகாஸ்கர் வரும்வரை மூச்சு விடவில்லை. அதில் கோடே கிடையாது.

பிறகு நான் செய்தது சொல்லத் தகுந்ததல்ல, ஆகவே சொல்கிறேன். மூன்று மதிய இடைவேளைகள், அவர்கள் பார்த்து முடித்த தாள்களை எடுத்துப் பிழை தேடினேன். ஒன்று கிடைத்தது! வியட்நாமை எங்கள் எழுத்தில் 'வெ' போட்டும் 'பெ' போட்டும் இரண்டு விதமாக எழுதுவதுண்டு. அவர்கள் 'பெ' போட்டு பெடொனாமு என்று விட்டிருந்தார்கள். புதையல் எடுத்தவன் போலத் தொகாவாவின் மேசைக்கு ஓடினேன்.

"ஏம்ப்பா, நம்ம விதிப்படி 'பெ' தானே?"

"எந்த விதி?"

"பத்து வருஷம் முன்னாடி நீ எழுதினது."

பக்கத்து மேசையிலிருந்து ஹயசே எழுந்து தலை குனிந்தான். "குசகபே சான் எழுதின விதியத்தான் சார் தினமும் ரயில்ல படிச்சிட்டு வர்றேன்." கிண்டலே இல்லை. கிண்டல் செய்திருந்தால் அவனை வெறுப்பதாவது சுலபமாக இருந்திருக்கும்.

அதற்கு அடுத்த வெள்ளிக்கிழமை மதியம் கிடங்கில் அட்லஸ்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தேன். பிரதிக்கு இரண்டு ஒட்டுத்தாள்: ஓரிடத்தில் குருஜியாவைப் புதைக்க ஒன்று, வேறிடத்தில் ஜோஜியாவை எழுப்ப ஒன்று. நிஷினா சான் ஒட்டுத்தாளைப் பிடித்து வைக்க ஒரு சாமணத்தோடு வந்து எதிரே உட்கார்ந்தார்.

"கோணலா ஒட்டுறீங்க."

"நாடே கோணல்தான். ஹயசே நல்லா 'சரி' சொல்றாராமே?"

"நல்லா சொல்றாரு."

"அவருக்கும் தட்டுறீங்க. கேட்டேன்."

"ஒரு நாள் தட்டினேன். கவனம் சிதறுதுன்னாரு. இப்ப வாயாலதான் கோடு சொல்றேன்."

எனக்கு ஹயசே மீது திடீரென்று மரியாதை வந்தது.

"தொகாவா ஏன் நம்மள பிரிச்சாரு?"

"அது வந்து... கொஞ்சம்..."

"கொஞ்சம் வேணாம் நிஷினா சான். இன்னும் ரெண்டாயிரம் புஸ்தகம் கிடக்கு. முழுசா சொல்லுங்க."

அவர் ஒரு ஜோஜியாவை வரிசையில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினார். விரலை எடுக்கவில்லை.

"அவர் பிரிக்கல. நான்தான் கேட்டேன். நான் படிக்கிறப்ப நீங்க தாளைப் பாக்கிறதில்ல, என்னைக் கேட்டுட்டு உக்காந்திருக்கீங்க. ரெண்டு வருஷமா எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் தட்டினேன், அதனால தப்பு பாதி என்னோடது. புள்ளைங்க படிக்கிற புஸ்தகம் குசகபே சான், அதுல இந்த விளையாட்டு வேணாம். இனி அந்த மேசையில உங்க எதிர்ல உக்கார மாட்டேன். ஞாயித்துக்கிழமை காப்பிக் கடையில எந்த மேசைன்னு நீங்க சொன்னா வரேன்."