சிவப்புப் பட்டனை அமுக்கிய பிறகு

பயிற்சிக்கூடத்தில் அவனுக்குச் 'சின்ன சார்' என்று பெயர். வயது இருபத்தாறு. பிழைப்புத் தேடி வந்து எட்டு மாதமாக அக்கா வீட்டு முன்னறையில் படுத்துக்கொண்டு, பகலில் உயர்நிலைப்பள்ளிக் கணக்கு ஆசிரியர்களுக்கு டேப்லெட்டில் பாடம் நடத்தச் சொல்லிக்கொடுத்தான். அந்த இருபது பேரில் அக்கா புருஷனும் ஒருவர்.

"அத்தான், சிவப்புப் பட்டனை அமுக்கினா திரைப்பதிவு மட்டும்தான் நிக்கும். கேமரா ஓடிட்டே இருக்கும். அதைத் தனியா நிறுத்தணும்" என்று முதல் நாளே சொன்னான்.

"நீ டவுசர் போடுறதுக்கு முன்னாடியே தேற்றம் நடத்தினவன் நான், மச்சான். எனக்கே பட்டன் காட்டுறியா?"

கூடமே சிரித்தது.

கடைசி நாள், அவரவர் வகுப்பில் எடுத்த பதிவைப் போட்டுக்காட்ட வேண்டும். அத்தான் முன்வரிசையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார். பெரிய டிவித் திரையில் முக்கோணம் நீண்டது, சுருங்கியது. மூன்று கோணங்களின் கூட்டுத்தொகை நூற்று எண்பத்தொன்று.

"மெஷினுக்குக் கணக்குத் தெரியல" என்றது அத்தானின் குரல்.

"முழு எண்ணா மாத்திக் காட்டுது சார், அதான் ஒண்ணு கூடுது" என்றது ஒரு பெண்குரல். வகுப்பு சிரித்தது. மணி அடித்தது. முக்கோணம் மறைந்து வகுப்பறை தெரிந்தது. காலி பெஞ்சுகள். ஒரே ஒரு மாணவி. அவருடைய மகள்.

"நாலு பேர் முன்னாடி அப்பனுக்கே பாடம் எடுக்கிறியா?"

மரஸ்கேல் முதலில் தோளில் விழுந்தது. பிறகு முதுகில். மூன்றாவதற்கு அவள் கையைக் குறுக்கே நீட்டினாள். மணிக்கட்டு முறிந்த சத்தம் ஒலிபெருக்கியில் தெளிவாகக் கேட்டது.

சைக்கிளிலிருந்து விழுந்தேன் மாமா என்றுதான் அவள் சொல்லியிருந்தாள். 'செங்கோணமாக விழுந்தவள்' என்று அவள் கையிலிருந்த மாவுக்கட்டின்மேல் பேனாவால் எழுதிக் கேலி செய்தவன் அவன்.

"நிறுத்துடா" என்று எழுந்தார் அத்தான்.

ரிமோட் அவன் கையில்தான் இருந்தது. அமுக்கினால் இன்று படுக்க இடம் உண்டு. அவன் அமுக்கவில்லை. நான்காவது அடி விழுந்தது.

அத்தான் லேப்டாப்பைப் பிடுங்கி அதன் விளிம்பால் அவன் வாயில் அடித்தார். மேலுதடு கிழிந்து ஒரு பல் தரையில் தெறித்தது. நாற்காலியைத் தூக்கித் திரையில் வீசினார். கண்ணாடி பொலபொலவென்று கொட்டியது. தடுக்கவந்த இன்னொரு ஆசிரியர் முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"ஒடைங்க அத்தான். நேத்தே எல்லாப் பதிவும் ஆபீசுக்குப் போயிடுச்சு" என்றான், ரத்தத்தைத் துப்பியபடி.

அவர் அவனை விட்டுவிட்டார். வண்டிச் சாவியை எடுத்தார். "உங்கக்கா வளர்த்த வளர்ப்பு. அவளைக் கேட்டுக்கிறேன்."

வீடு பத்து நிமிட தூரம். அக்கா போனை எடுக்கவில்லை. தெருக்காரர்களும் அக்காவும் இருக்கும் வாட்ஸ்அப் குழுவைத் திறந்து, பேச்சை எழுத்தாக்கும் மைக்கை அமுக்கி, போனை வாயருகே வைத்துப் பேசினான். கிழிந்த உதட்டோடு மூன்றாம் தடவைதான் எழுத்து சரியாக விழுந்தது.

"அக்கா, அத்தான் வர்றார். பிள்ளையைக் கூட்டிட்டுப் பின்வாசல் வழியா இப்பவே கிளம்பு. இதை யார் முதல்ல படிச்சாலும் அக்காவையும் பிள்ளையையும் வெளியே கொண்டுபோயிடுங்க."