இருபத்து நான்கு சதுரங்கள், ஒரே கை

அம்மா சிவப்பு ரிப்பனுக்கு மேலாக எக்கி, கைப்பேசியை நெற்றிக்கு நேராகப் பிடித்து மூன்றாவது படமும் எடுத்தாள். முதல் இரண்டில் அவளுடைய விரலே பாதி இடத்தைப் பிடித்திருந்தது. இளைஞர் விழாக் கூடத்தின் பின்சுவரில் நாலுக்கு ஆறாக மாட்டியிருந்த கம்பளிநூல் சதுரங்களில், மேலிருந்து இரண்டாம் வரிசையில், ஓரத்தில் இரண்டு. நடுவில் மஞ்சள், சுற்றிலும் நீலம், விளிம்பில் வெள்ளை. ஒரு சாண் என்றால் ஒரு சாண், நூல் பிசகவில்லை. கீழே பொன்னிற ஓரம் போட்ட அட்டையில் மகளின் முழுப் பெயர், முதலெழுத்து உட்பட.

"நீயாடி பண்ணின இத?"

குரலில் சந்தேகம் இல்லை, அதுதான் கொடுமை. பதினைந்து வருடத்தில் அம்மா இந்தக் குரலில் பேசி அவள் கேட்டதில்லை. இந்தக் குரல் அண்ணனுக்கென்று எடுத்து வைக்கப்பட்டது. அதுவும் மதிப்பெண் பட்டியல் வரும் நாளில் மட்டும் வெளியே வரும்.

வீட்டில் அவளுக்குப் பாதி என்று பெயர். வைத்தவன் அந்த அண்ணன்தான். நீச்சலைப் பாதியில் விட்டாள், அதாவது குளத்தின் நடுவில். கிடார் வாங்கி ஆறு தந்தியில் மூன்றைப் பழகினாள். ஓவிய வகுப்பில் வரைந்த குதிரைக்குப் பின்னங்கால்கள் இன்னும் வந்து சேரவில்லை. மூன்று வருடமாக அலமாரிக் கதவின் உட்புறத்தில் முன்னங்கால்களை மட்டும் வைத்துக்கொண்டு அது ஓடிக்கொண்டிருக்கிறது. விருந்தாளிகளுக்குக் குடும்பத்தை அறிமுகப்படுத்தும்போது அப்பாகூட, "இது பெரியவன், இது பாதி" என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். அந்தச் சிரிப்பு மட்டும் முழுசாக இருக்கும்.

அப்படிப்பட்டவள் பதினோரு சனிக்கிழமை பின்னல் வகுப்பில் உட்கார்ந்து இரண்டு சதுரம் முடித்திருந்தாள். முடித்தது என்றால் கடைசிக் கண்ணி வரை, நூல்முனையை உள்ளே செருகி மறைத்தது வரை. முடிந்த அன்று அதை மூன்று முறை எண்ணிப் பார்த்தாள். இரண்டே சதுரத்தை மூன்று முறை எண்ணுவதற்கு என்ன இருக்கிறது என்று கேட்கலாம். இதுவரை எதையும் முடிக்காதவர்களுக்குத்தான் அது தெரியும்.

ஆனால் அவள் முடித்த சதுரம் சாண் அளவெல்லாம் கிடையாது. யார் மேலோ இருக்கிற கோபத்தை நூலின் மேல் காட்டுகிற மாதிரி இழுத்து இழுத்துப் பின்னுகிறவள் அவள். ஒரு சாண் வரவேண்டியது தேநீர்க் கோப்பையை வைக்கும் அளவுக்கு வந்து, அதற்கு மேல் வளர மாட்டேன் என்று நின்றுவிட்டது. மேஜையில் தட்டினால் சத்தம் வரும்.

"ஏன்டி பேசாம நிக்கற? நீதானே பண்ணின?"

ம் என்று சொல்லிவிடலாம். ஒரு எழுத்து. அம்மா படத்தை அப்பாவுக்கு அனுப்புவாள், அப்பா கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிற படம் ஒன்றை அனுப்புவார், அண்ணன் இரண்டு நாளைக்காவது வாயை மூடிக்கொண்டிருப்பான்.

"இல்லம்மா. இது என்னோடது இல்ல."

"பேர் போட்டிருக்கே?"

"பேர் என்னோடதுதான். சதுரம் என்னோடது இல்ல."

அம்மா ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் பரிசோதகர். ஒரு நாளைக்கு எண்ணூறு சட்டையை உள்பக்கம் திருப்பிப் பார்க்கிறவள். துணி என்று ஒன்று கண்ணில் பட்டால் முன்பக்கத்தை நம்பமாட்டாள். ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளைக்குக் கை கொடுக்கப் போனவள், அவன் கோட்டின் கைமடிப்பைத் திருப்பிப் பார்த்து, "தையல் விட்டுப்போச்சு தம்பி" என்று சொல்லிவிட்டு வந்தாள். இப்போதும் ரிப்பனைத் தாண்டிக் கையை நீட்டி, சதுரத்தின் ஓரத்தைத் தூக்கிப் பின்பக்கம் பார்த்தாள். பக்கத்திலிருந்ததைப் பார்த்தாள். கீழ்வரிசையில் வேறு யாரோ பெயர் போட்டிருந்த நான்கைப் பார்த்தாள்.

"நீங்க எத்தனை பேரு?"

"பன்னெண்டு."

"பன்னெண்டு பேரும் நூல்முடிச்ச ஒரே இடத்துல, ஒரே மாதிரியா போடுவீங்க? ஒரே கைடி இது. இருபத்து நாலும் ஒரே கை." சதுரத்தை விட்டுவிட்டு மகளைப் பார்த்தாள். "அப்ப உன்னோடது எங்க?"

திட்டுவதற்காகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

"அம்மா, தொடாதீங்க, தொடாதீங்க!" என்று மேம்பாடு வந்து சேர்ந்தார்.

அவருடைய பதவி, இளைஞர் படைப்பாற்றல் மேம்பாட்டு ஒருங்கிணைப்பாளர். அறையின் கதவில் அந்தப் பெயர்ப் பலகையை மாட்ட இடம் போதாமல் பக்கத்துச் சுவரிலும் கொஞ்சம் ஏறியிருந்தது. சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மாடியறைப் பூட்டைத் திறப்பதும், வருகைப் பதிவு எடுப்பதும், பன்னிரண்டு மணிக்குப் பூட்டுவதும்தான் அவர் செய்யும் மேம்பாடு. பிள்ளைகள் பின்னல் கற்றதெல்லாம் பூச்சாடியில் சாய்த்து வைத்த கைப்பேசியில் ஓடிய படங்களைப் பார்த்துத்தான். கொக்கி ஊசி எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரியாமல் முதல் இரண்டு வாரம் பன்னிரண்டு பேரும் ஒருவரை ஒருவர் குத்திக்கொண்டார்கள்.

"சார், எங்க சதுரம் எங்க?"

"இதுதான்மா உங்களோடது. உங்க எண்ணம், உங்க வண்ணம். நாங்க கொஞ்சம் மெருகேத்தியிருக்கோம், அவ்வளவுதான்."

"எங்க கம்பெனில இதுக்கு மெருகுன்னு சொல்ல மாட்டாங்க சார்" என்றாள் அம்மா. "மாத்தி வைக்கறதுன்னு சொல்லுவாங்க. மறுநாள்லேருந்து வேலைக்கு வர வேண்டாம்னும் சொல்லுவாங்க."

மேம்பாடு சிரித்தார். பெற்றோர்களிடம் பேசுவதற்கென்று அவரிடம் ஒரு சிரிப்பு உண்டு, வாய் மட்டும் வேலை செய்யும். "திறந்து வைக்க வர்றவரு சாதாரண ஆள் இல்லம்மா. மூணு அமைப்புக்குத் தலைவர். அவரு முன்னாடி போய் கோணல்மாணலா மாட்ட முடியுமா?"

"அப்ப கோணல்மாணலா பின்றவங்கள எதுக்கு சார் சேத்தீங்க?" என்றாள் பாதி.

சிரிப்பு நின்றது. அவர் குனிந்து, பக்கத்தில் யாருக்கும் கேட்காத குரலில் சொன்னார்: "அடுத்த பருவத்து வகுப்புல பேரு இருக்கணுமா, வேண்டாமா? உனக்கு மட்டும் இல்ல, பன்னெண்டு பேருக்கும் சேத்துக் கேக்கறேன். போ, போய் உக்காரு. சொன்ன மாதிரி ஊசி நூலெல்லாம் கொண்டு வந்தீங்கல்ல? சார் வரும்போது எல்லாரும் குனிஞ்சு பின்னிக்கிட்டு இருக்கணும். படம் எடுப்பாங்க."

இளைஞர் விழாவில் இளைஞர்களுக்குக் கடைசி இடம். முதல் நான்கு வரிசை பிரமுகர்களுக்கு, அடுத்தவை பெற்றோருக்கு, அதற்கும் பின்னால் ரிப்பனுக்கு முன்பு தரையில் விரிப்பு போட்டுப் பன்னிரண்டு பேர். பாதி வந்து உட்கார்ந்ததும் விஷயம் சுற்றிவந்தது. சிலர் சுவரைத் திரும்பிப் பார்த்துத் தங்கள் பெயரைத் தேடினார்கள். ஒரு பெண், "ஐயோ, என் பேருல எவ்ளோ அழகா இருக்கு" என்றாள், பிறகு தலை குனிந்துகொண்டாள்.

நீளம் என்று ஒருவன். பெயருக்கேற்றபடி கதவு நிலையில் நெற்றியைக் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே வருவான். அவன் பின்னல் பாதியுடையதற்கு நேர் எதிர். கண்ணிக்குக் கண்ணி ஒரு கட்டைவிரல் நுழையும், சதுரம் சாப்பாட்டுத் தட்டை மூடும். அவன் சொன்னான்: "நாற்காலி எடுக்கப் போனப்ப பாத்தேன். சாமான் அறையில, துடைப்பத்துக்குப் பக்கத்துல, கறுப்புப் பை. என்னோடது மேலயே இருந்துச்சு. துடைக்கற துணின்னு நெனச்சேன், அப்பறம்தான் அடையாளம் தெரிஞ்சுது."

"எடுத்துட்டு வா."

"எதுக்கு?"

"போர்வையா தைக்கத்தானே பின்னினோம்? தைப்போம்."

"இப்பவா? நம்ம பேர எடுத்துருவாருடி."

"எடுக்கட்டும். இப்ப மட்டும் எங்க இருக்கு நம்ம பேரு? யாரோ பின்னினதுக்குக் கீழ இருக்கு."

நீளம் எழுந்து போனான். அவன் மறைந்து போகக்கூடிய உருவம் இல்லை என்றாலும், அந்த நேரம் பார்த்துச் சிறப்பு விருந்தினர் வாசலில் இறங்கினார். கூடமே எழுந்து நின்றது. பையோடு வந்து உட்கார்ந்தவனை யாரும் பார்க்கவில்லை.

இருபத்து நான்கு சதுரத்தை இணைக்க முப்பத்தெட்டு ஓரம் தைக்க வேண்டும். அகலக் காதுள்ள ஊசி ஆறு இருந்தது. தாராளமான மனம் படைத்தவர்கள் மேடையில் இருந்தபடியால் நேரத்துக்குப் பஞ்சமில்லை. வரவேற்புரையில் ஏழு ஓரம் முடிந்தது. விருந்தினரை அறிமுகம் செய்யும் உரையில் அவர் பிறந்து, வளர்ந்து, மூன்று அமைப்புக்கும் தலைவராவதற்குள் ஒன்பது ஓரம். நடுவில் மேம்பாடு ஒருமுறை பின்பக்கம் பார்த்தார். பன்னிரண்டு தலையும் குனிந்து, ஊசி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. சொன்னதைச் செய்கிறார்கள் என்று மகிழ்ந்து படம் எடுப்பவரைக் கூப்பிட்டுக் காட்டினார். படமும் எடுக்கப்பட்டது.

"உன்னோடத என்னோடதோட எப்படிடி சேக்கறது?" என்று கிசுகிசுத்தான் நீளம். "உன் ஓரம் முடிஞ்சுருச்சு, எனக்கு இன்னும் பாதி மீதி கெடக்கு."

"சுருக்கி வெச்சுத் தை."

"உப்பிக்குமே?"

"உப்பட்டும்."

உப்பியது. பாதியின் விறைத்த சதுரத்துக்குப் பக்கத்தில் நீளத்தின் சதுரம் பூரிப்பில் கன்னம் உப்பியவன் மாதிரி எழும்பி நின்றது. ஒருத்தி எண்ணிக்கை தவறி ஐந்து மூலை போட்டிருந்தாள். அந்த ஐந்தாவது மூலையை என்ன செய்வதென்று தெரியாமல் காது மாதிரி வெளியே விட்டுவிட்டார்கள். போர்வை நேராகப் போகவில்லை. இடப்பக்கம் வளைந்து, நடுவில் மேடு தட்டி, எங்கோ போய்க்கொண்டிருந்தது. ஆனால் எது யாருடையது என்று கண்ணை மூடித் தடவியே சொல்லிவிடலாம்.

அம்மா கடைசி நாற்காலி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். தலையைத் திருப்பவில்லை. மகள் நூலைப் பல்லால் கடிக்கிற சத்தம் கேட்டதும், கைப்பையிலிருந்து விரல் நீளத்துக்கு ஒரு நூல் கத்தரியை எடுத்தாள்.

"பல்ல வெக்காத. வெட்டணும்னா இங்க நீட்டு. கையில தர மாட்டேன், கம்பெனி சாமான்."

அதன் பிறகு நாற்காலிக்கு அடியிலிருந்து நூல் நீளும். டிக்கென்று ஒரு சத்தம். நூல் உள்ளே போகும். அம்மாவின் முகம் மேடையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது, மிகுந்த ஆர்வத்தோடு.

சிறப்பு விருந்தினர் இளைய கைகளைப் பற்றிப் பேசினார். இளைய கைகளை நம்புங்கள் என்றார். அவற்றின் தவறுகளைக்கூடக் கொண்டாடுங்கள் என்றார். அதற்குள் ஆறு ஓரம். மேம்பாடு எல்லாருக்கும் முன்னால் கைதட்டினார். கைதட்டல் ஓய்வதற்குள் இரண்டு ஓரம். "இறுதியாக" என்று விருந்தினர் முதல்முறை சொன்னபோது பன்னிரண்டு பேரும் பதறிவிட்டார்கள். அவசியமே இல்லை. அதற்கப்புறம் எட்டு ஓரம் தைக்க முடிந்தது. இரண்டாவது இறுதிக்கு ஐந்து. மூன்றாவது இறுதி நிஜமாகவே இறுதியாக இருந்துவிட்டதுதான் எதிர்பாராதது. அப்போது ஒரே ஒரு ஓரம் பாக்கி. மூலையில் இருந்த பாதியின் சதுரம், ஒரு பக்கம் மட்டும் பிடித்துக்கொண்டு, மறுபக்கம் தொங்கியது.

மேம்பாடு ஒலிபெருக்கியில் கண்காட்சித் திறப்பை அறிவித்தார். வெல்வெட் பதித்த தட்டில் கத்தரிக்கோல் முன்னால் வர, விருந்தினரும் பிரமுகர்களும் நாற்காலிகளுக்கு நடுவே பின்சுவரை நோக்கி நடந்தார்கள். ரிப்பனுக்குப் போகிற வழி ஒன்றுதான். அந்த வழியில், சுவரிலிருந்து நாற்காலி வரை, போர்வை படுத்திருந்தது. அதன் மூலையில் அவள் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தாள். மற்ற பதினொரு பேரும் எழுந்து ஒதுங்கப் பார்த்து, அவள் எழுந்திருக்காததைக் கண்டு, ஒவ்வொருவராகத் தத்தம் சதுரத்தின் மேல் கை வைத்துத் திரும்பவும் உட்கார்ந்தார்கள்.

"என்ன இது?" என்றார் விருந்தினர்.

"எங்களோடது சார்" என்றான் நீளம். "சுவத்துல இருக்கறது வேற யாரோ பின்னினது."

கூடம் அமைதியானது. இவ்வளவு நேரம் பேச்சு நடந்தபோது வராத அமைதி. மேம்பாடு பிரமுகர்களைச் சுற்றிக்கொண்டு ஓடிவந்தார். காதோரம் வியர்த்திருந்தது.

"எழுந்திரு. எல்லாரும் எழுந்திருங்க. சார் நிக்கறாரு பாரு!"

"நிக்கட்டும் சார். இன்னும் கொஞ்சம் இருக்கு" என்றாள் அவள், தலை நிமிராமல்.

"பேர அடிச்சுருவேன், சொல்லிட்டேன்!"

"அடிங்க. பாதியில எந்திரிக்க மாட்டேன்."

சிறப்பு விருந்தினர் வழுவழுப்பான காலணியைத் தூக்கிப் போர்வையைத் தாண்டப் பார்த்தார். தாண்ட முடியாத அகலம். மிதிக்கலாம்தான், ஆனால் முன்னூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள், இளைய கைகளைப் பற்றிப் பேசி முடித்து ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. தூக்கிய காலை அதே இடத்தில் வைத்தார். தட்டு ஏந்தியவரும் நின்றார், தட்டிலிருந்த கத்தரிக்கோலும் நின்றது. படம் எடுப்பவர் சுவரைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், கேமராவைக் கீழே இறக்கினார்.

அவள் அவசரப்படவில்லை. நூல் இன்னும் நீளமாக இருந்ததால் ஒவ்வொரு தையலுக்கும் கையைத் தலைக்கு மேலே வரை உயர்த்த வேண்டியிருந்தது. ஊசி மேலே போகும்போது முன்னூறு பேர் கண்ணும் மேலே போயின, இறங்கும்போது இறங்கின. தன் பழக்கப்படி அவள் இழுத்துத்தான் தைத்தாள். ஒவ்வொரு இழுப்புக்கும் மூலை கொஞ்சம் சுருங்கியது, போர்வை முழுவதும் லேசாக அசைந்தது. இன்னும் நாலு தையல் இருக்கும், இல்லையென்றால் ஐந்து. எதிரே அம்மா நாற்காலியை விட்டு எழுந்து வந்து நின்றிருந்தாள், சின்னக் கத்தரியை விரலில் மாட்டி, அதன் வாயைத் திறந்து பிடித்தபடி, நூலுக்காக.