நெடுங்கேணி ரோட்டில் கழன்ற சில்லு

வவுனியா ஆஸ்பத்திரிக்கு டயலிசிஸ் செய்யப் போகிறவர்களை ஏற்றி இறக்குவதுதான் சிவகரனின் முக்கியமான ஓட்டம். கிழமையில் இரண்டு நாள் விடியமுன்னம் ஒட்டுசுட்டானிலிருந்து வானை எடுப்பான். தண்ணீரூற்றில் ஹமீட் நானாவையும் முத்தையன்கட்டில் கமலேஸ்வரியையும் ஏற்றிக்கொண்டு நெடுங்கேணி, புளியங்குளம் வழியாகப் போவான். அவர்கள் மெஷினில் கிடக்கும் நேரம் முழுக்க அவன் ஆஸ்பத்திரி மதிலோரம் சீற்றைச் சரித்துப் போட்டுக் கண்ணை மூடிக் கிடப்பான். நித்திரை வராது. மற்ற நாட்களில் பள்ளிக்கூடப் பிள்ளைகள், செத்தவீடு, கோயில் என்று எது வந்தாலும் ஓட வேண்டியிருந்தது.

மாரியில் ஒரு குழிக்குள் விழுந்து வானின் முன்பக்க ரிம் இரண்டும் நெளிந்துபோயின. ஹமீட் நானாவின் மகன் பாஹிம் முல்லைத்தீவில் வாகனச் சில்லு பூட்டுகிற கடை வைத்திருந்தான். பழைய அலோய் ரிம் ஒரு சோடி தேடிக் கொடுத்தவன் அவன்தான். அது கொஞ்சம் அகலமான ரிம். பூட்டிவிட்டு ஸ்டேரிங்கைத் திருப்பினால் டயரின் உட்பக்கம் வானின் அடியிலுள்ள கம்பியில் உரசியது. அதற்கு வழியாக பாஹிம் ஸ்பேசர் போட்டான். சில்லுக்கும் அது பூட்டுகிற ஹப்புக்கும் நடுவில் வைக்கிற தடித்த அலுமினிய வளையம் அது. சில்லை வெளியே தள்ளிப் பிடிக்கும். பிறகு உரசல் இல்லை. வானும் முன்பக்கம் அகலமாக, பார்க்க நன்றாக இருந்தது.

"அண்ணை, கொஞ்சம் ஓடிப்போட்டு ஒருக்கா வந்து காட்டுங்கோ. நட்டெல்லாம் திருப்பி இறுக்க வேணும்," என்று பாஹிம் சொல்லி அனுப்பினான்.

சிவகரன் ஓம் என்றான். போகவில்லை. போகக்கூடாது என்று நினைத்ததில்லை. ஓட்டம் முடிந்து வீட்டுக்கு வந்தால் சாப்பிட்ட கோப்பையைக் கழுவவே அலுப்பாக இருந்தது. முல்லைத்தீவுக்குப் போய்வர அரை நாள் வேண்டும். கொஞ்ச நாளில் ஸ்டேரிங் கையில் நடுங்கத் தொடங்கியது. ரோட்டின் பிழை என்று விட்டுவிட்டான்.

அன்று வவுனியாவிலிருந்து திரும்பும்போது பின்நேரமாகிவிட்டது. மெஷினிலிருந்து இறங்கியவர்கள் வழியில் கதைப்பதில்லை. ஹமீட் நானா பின்சீற்றில் கண்ணை மூடியிருந்தார். கமலேஸ்வரி முன்னால் இடப்பக்கம், ஊசி ஏற்றிய கையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தா. நெடுங்கேணி தாண்டியதும் அவா சொன்னா:

"தம்பி, இந்தப் பக்கம் ஏதோ தட்டுது."

"ரோட்டு அப்பிடி அக்கா."

"காலமை போகேக்க தட்டேல்லையே."

சிவகரன் வேகத்தைக் குறைத்துக் காது கொடுத்தான். உண்மைதான். டக், டக் என்று ஒரு சத்தம் சில்லோடு சேர்ந்து சுற்றியது. நிழலான இடம் ஒன்று பார்த்து நிற்பாட்டுவோம் என்று நினைத்தான். நிழல் வருவதற்குள் வான் இடப்பக்கம் சரிந்து விழுந்தது. இரும்பு தாரில் உரசுகிற சத்தம். ஸ்டேரிங் கைக்குள் நிற்கவில்லை. முன்சில்லு தனியே கழன்று, வானை முந்திக்கொண்டு உருண்டு போய்ப் பற்றைக்குள் மறைவதை அவன் கண்டான். வான் ரோட்டை விட்டு இறங்கி, மண் அணையில் மூக்கை இடித்துக்கொண்டு நின்றது.

மெதுவாக ஓடியதால் ஒருவருக்கும் எலும்பு முறியவில்லை. ஆனால் கமலேஸ்வரியின் கை டாஷ்போட்டில் அடிபட்டுவிட்டது. ஊசி குத்திய இடத்துக் கட்டு நனைந்து சிவக்கத் தொடங்கியது. டயலிசிஸில் இரத்தம் உறையாமல் இருக்க மருந்து ஏற்றுவார்கள். அது உடம்பில் இருக்கும்வரை சின்னக் காயமும் இலேசில் நிற்காது. சிவகரன் சீற்றுக்குக் கீழே துணி தேடினான். எண்ணெய்த் துணிதான் அகப்பட்டது.

"அதை வை தம்பி. கதவைத் திற," என்றார் ஹமீட் நானா. தானும் தள்ளாடிக்கொண்டுதான் இறங்கி முன்னுக்கு வந்தார். "தங்கச்சி, கையைத் தாங்கோ."

அவரின் இடக்கையிலும் அதே இடத்தில் அதே கட்டு இருந்தது. எங்கே அமத்த வேண்டும் என்று அவருக்குத் தெரியும். சேர்ட் பொக்கற்றிலிருந்து மடித்த லேஞ்சியை, சுத்தமான கைத்துணியை, எடுத்து வைத்து, பெருவிரலால் அமத்திப் பிடித்தார். கையை உயர்த்தச் சொன்னார். அப்படியே அவாவின் பக்கத்தில், வானின் படியில், பிடித்த விரலை எடுக்காமல் இருந்தார்.

"நானா, உங்களுக்கும் ஏலாதே," என்றா கமலேஸ்வரி.

"இருந்து பிடிக்கிறதுக்கு ஏலும்."

சிவகரன் பாஹிமுக்குப் போன் எடுத்தான். பிறகு பற்றைக்குள் இறங்கிச் சில்லைத் தேடினான். யானை முறித்துப்போட்ட கொப்புகள் கிடந்தன. ஒரு பாலை மரத்தடியில் சில்லு சாய்ந்து கிடந்தது. அதை ரோட்டுக்கு உருட்டிக்கொண்டு வர அவனுக்கு மூச்சு வாங்கியது. இனி ஒன்றும் செய்ய ஏலாது போல இருந்தது. சில்லின் மேலேயே குந்திவிட்டான்.

பாஹிம், பின்னால் சாமான் ஏற்றும் தட்டு வைத்த கப் வாகனத்தில் வந்து இறங்கியதும் முதலில் வாப்பாவைப் பார்த்தான், பிறகு வானின் முன்பக்கத்தை. "முதல்ல அக்காவைக் கொண்டுபோவம்," என்று சொல்லி, இருவரையும் ஏற்றிக்கொண்டு நெடுங்கேணி ஆஸ்பத்திரிக்குத் திருப்பினான். அங்கே புதுக்கட்டுப் போட்டு, இரத்தம் நின்றதென்று உறுதியாகும்வரை வைத்திருந்துவிட்டு அனுப்பினார்கள். அவர்கள் திரும்பி வந்தபோது வெயில் தணிந்திருந்தது. கமலேஸ்வரி கப்பின் பின்சீற்றில் படுத்திருந்தா. ஹமீட் நானா கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பாஹிம் ஜக் வைத்து வானைத் தூக்கினான். ஸ்பேசர் ஹப்பில் அப்படியே இருந்தது. ஆனால் சில்லைப் பிடித்திருந்த, வளையத்தின் சொந்தப் போல்டுகள் எல்லாம் முறிந்துபோயிருந்தன. அவன் வளையத்தின் மேல் விரலை ஓட்டினான். ஹப்பின் பழைய போல்டுகளின் நுனிகள் வளையத்தைத் தாண்டிக் கொஞ்சம், ஒரு நகத்தின் தடிப்பளவு, வெளியே நீட்டிக்கொண்டு நின்றன. பிறகு சில்லைத் திருப்பிப் பார்த்தான். ரிம்மின் உட்பக்கத்தில் வட்டமாக ஐந்து பள்ளம் விழுந்திருந்தது.

"சில்லு வளையத்தில படிஞ்சு இருக்கேல்லை அண்ணை," என்றான். "இந்த நுனியளில ஏறி நிண்டிருக்கு. நட்டு இறுகினது மாதிரித்தான் காட்டும். ஓட ஓட இளகியிருக்கும். நான் அளந்து பாத்திருக்க வேணும். இதைவிடத் தடிச்ச வளையம் போட்டிருக்க வேணும், இல்லாட்டி போடாமலே விட்டிருக்க வேணும். மெஷினால டர்ரெண்டு இறுக்கிப்போட்டு அனுப்பீட்டன்."

"நீ வரச் சொன்னனீ. நான் வரேல்லை," என்றான் சிவகரன்.

"வந்திருந்தா கண்டிருப்பன்."

"ஓம். ஸ்டேரிங்கும் எத்தினையோ நாளா நடுங்கினது."

சண்டை பிடிக்கிற தென்பு இருவரிடமும் இல்லை. கப்புக்குள் இருந்து ஹமீட் நானா கேட்டார்:

"பாஹிம், இதை இன்னும் ஆராருக்குப் போட்டனீ?"

பாஹிம் எழும்பி நின்றான். "மூண்டு சோடிதான் எடுத்தனான் வாப்பா. ஒண்டு இது. மற்றது ஜெயபுரத்தில தவராசா அண்ணையின்ர காருக்கு. அக்கராயனில கிருசாந்தன் எண்ட பொடியனுக்கு."

"இப்ப எடு போனை."

ஜெயபுரத்துத் தவராசா வயலில் நின்று போனை எடுத்தார். கார் கொட்டிலுக்குள்தான் நிற்கிறது, அசைக்கவில்லை என்றார். கிருசாந்தன் எடுக்கவேயில்லை.

அடுத்த நாள் வான் கராஜில் நின்றதால் சிவகரனுக்கு ஓட்டம் இல்லை. வீட்டில் படுத்திருக்கலாம். படுத்தால் உருண்டுபோகிற சில்லுத்தான் கண்ணுக்குள் வந்தது. மற்ற இரண்டு காரையும் பார்க்கப் பாஹிம் தனியப் போகிறான் என்று கேள்விப்பட்டதும் தானும் வாறன் என்று ஏறிவிட்டான்.

ஜெயபுரத்தில் வேலை சுருக்காக முடிந்தது. தவராசாவின் ரிம்மில் உட்பக்கம் குழிகள் இருந்தன. நீட்டிய நுனிகள் அதற்குள் போய்விட, சில்லு வளையத்தில் சரியாகப் படிந்திருந்தது. ஆனாலும் இரண்டு நட்டுகள் கையாலேயே சுழன்றன. அவரும் திருப்பி இறுக்கப் போகவில்லை. பாஹிம் ஹப்பின் கறளைக் கம்பித் தூரிகையால் தேய்த்தான். வளையத்தையும் சில்லையும் திரும்பவும் வைத்து, அளவு காட்டுகிற டோர்க் ரென்ச்சால் ஒன்றுக்கு எதிரே ஒன்றாக இறுக்கினான். தவராசா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றார்.

"வளையத்தைக் கழட்டி விடு தம்பி," என்றார் கடைசியில். "எனக்கு இதை நினைச்சுக்கொண்டு ஓடேலாது."

இறுக்கியதைப் பாஹிம் திரும்பக் கழற்றினான்.

அக்கராயனுக்குப் போகும்போது மத்தியானம். கிருசாந்தன் காரைக் கழுவிக்கொண்டு நின்றான். அடுத்த நாள் ஒரு கலியாணத்துக்கு மாப்பிள்ளையை ஏற்றப்போகிற கார் அது. பாஹிம் விஷயத்தைச் சொன்னதும் அவன் மறுத்தான்.

"இப்ப கழட்டேலாது அண்ணை. இது போட்டபிறகுதான் கார் காராத் தெரியுது. நான் மெல்லமாத்தான் ஓடுவன்."

"நானும் மெல்லமாத்தான் ஓடினனான்," என்றான் சிவகரன். நின்ற இடத்திலேயே வேலிக் கட்டையில் சாய்ந்துகொண்டான். கொஞ்சம் கழித்து, "ஒரு சில்லைக் கழட்டிப் பார். சரியா இருந்தா நாங்கள் போறம்," என்றான்.

கிருசாந்தன் விருப்பமில்லாமல்தான் தலையாட்டினான். பாஹிம் முன்சில்லைக் கழற்றித் திருப்பிக் காட்டினான். அதே ஐந்து பள்ளம். கிருசாந்தன் குனிந்து ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தான்.

"பழைய ரிம்மை வித்துப்போட்டன்," என்றான்.

அன்று அவர்கள் முன்சில்லுகளைக் கழற்றி, அந்தக் காரின் முன்பக்கத்தைக் கல்லில் ஏற்றி வைத்துவிட்டு வந்தார்கள். மாப்பிள்ளைக்கு வேறு கார் பிடிக்க வேண்டும் என்று கிருசாந்தன் போனோடு வாசலில் நின்றான். அவன் நன்றி சொல்லவில்லை. திரும்பும் வழியில் பாஹிம் ஒரு இடத்தில் வாகனத்தை ஓரங்கட்டி, ஸ்டேரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு இருந்தான். சிவகரன் போத்தலில் இருந்த தண்ணீரை நீட்டினான்.

அடுத்த டயலிசிஸ் நாளுக்கும் வான் சரிவரவில்லை. பாஹிம் தன் கப் வாகனத்தைக் கொடுத்தான். சிவகரன் முத்தையன்கட்டுக்குப் போனபோது கமலேஸ்வரி படலையடியில் நின்றா. கையில் கன்றிய நீலம் இன்னும் மாறவில்லை. அவா உடனே ஏறவில்லை. முன்சில்லின் பக்கத்தில் போய் நின்று பார்த்தா.

"இதிலயும் அந்த வளையம் இருக்கோ தம்பி?"

"இல்லை அக்கா. கொம்பனியால வந்த மாதிரியே இருக்கு. வெளிக்கிடமுன்னம் நட்டுக்களையும் பாத்தனான்."

"பின்னுக்கும்?"

"பின்னுக்கும்."

அவா ஏறிக் கதவைச் சாத்தினா. பின்னால் இருந்த ஹமீட் நானா, "கை நோகுதோ தங்கச்சி?" என்று கேட்டார். ராவில் மட்டும் கொஞ்சம் என்றா அவா. நெடுங்கேணிக்கு முன்னமே இருவரும் நித்திரையாகிவிட்டார்கள். சிவகரன் கண்ணாடியை இறக்கி, காற்று முகத்தில் படவிட்டு, காதைச் சில்லுகளின் பக்கம் வைத்துக்கொண்டு ஓட்டினான்.