நமச்சிவாயத்தின் முழம்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தேழாம் வருஷம் ஐப்பசி மாதத்தில், பிள்ளையார்பாளையத்து நமச்சிவாயத்தின் வலது கை, அவர் வீட்டுத் தறிக்குழிக்கு மேலே சுவரில் அடித்திருந்த காந்தப் பட்டையில் ஒட்டிக்கொண்டது. இன்றுவரை வரவில்லை. அந்த வாரம் அரிசிக்கு ரேஷன் கடையில் பெரிய வரிசை, ஆகையால் ஊரில் யாரும் உடனே வந்து பார்க்கவில்லை.

நமச்சிவாயம் நெய்வதில் கெட்டிக்காரர்தான், இல்லை என்று யார் சொன்னது? ஆனால் ஏகாம்பரநாதர் கோயில் கோபுரத்தையே தான்தான் பாவு போட்டு நெய்து நிறுத்தியதுபோல ஒரு நடை. அக்கம்பக்கத்து வீடுகளில் பெண்கள் குழியில் இறங்கி நெய்துகொண்டுதான் இருந்தார்கள். இந்த மகானுபாவர் வீட்டில் மட்டும் அது கூடாது. பெண்டாட்டி கமலாட்சி நூலைத் தார் சுற்றலாம், அறுந்த இழை புனையலாம், கரை சேர்க்கும் கோர்வைக்கு எதிர்ப்பக்கம் நின்று இருபது வருஷமாக ஊடைநூல் நாடா எறியலாம். குழி அவருடையது. சாமான்களும் அவருடையவை. கமலாட்சியிடம் அம்மா வீட்டுக் கத்தரிக்கோல் ஒன்று இருந்தது. அதை வைக்க இடமில்லாமல் அரிசிப் பானையில் வைத்துவிட்டு, அவசரத்துக்குப் பட்டிழையைப் பல்லால் கடிப்பாள். கடித்துக் கடித்து முன்பல்லில் ஒரு பள்ளம் விழுந்திருந்தது. அதைப் பார்த்து அவர் சிரிப்பார் வேறு.

மூர் மார்க்கெட்டில் பழைய இரும்புக் கடையில் அந்தப் பட்டையை வாங்கி வந்தார். ஏதோ தொழிற்சாலைச் சுவரில் இருந்ததாம், ஸ்பானர், ரம்பம் எல்லாம் பச்சென்று பிடித்துக்கொள்ளுமாம். ஆள் உயரத்துக்கு இருந்தது. இரண்டு ஜன்னலுக்கு நடுவில் அத்தனை சுவர் எங்கே இருக்கிறது? வெட்ட வேண்டியதுதான். தன் கத்தரிக்கோல், தன் சாமணம், தன் கொக்கி, தன் ஊசிகள் எல்லாவற்றையும் தரையில் நெருக்கி அடுக்கி, தன் கையால் அளந்தார். சரியாக ஒரு முழம்.

"என் கத்தரியையும் ஒரு ஓரமா வச்சி அளங்களேன்" என்றாள் கமலாட்சி.

"அதுக்கு ஏது எடம்? என் சாமானுக்கே சரியா இருக்குது."

மீதிச் சுவர் காலியாகத்தான் இருந்தது. அதைச் சொல்லி என்ன ஆகப் போகிறது என்று அவள் தார் சுற்றப் போய்விட்டாள்.

ரங்கசாமிகுளத்துப் பட்டறைக்காரர் துரைக்கண்ணுவிடம் பட்டையைக் கொடுத்து, "ஒரு முழம் வெட்டு" என்று சொல்லிவிட்டு வந்தார். காஞ்சிபுரத்தில் புடவையையும் முழத்தில்தான் அளப்பார்கள், பூவையும் முழத்தில்தான் அளப்பார்கள். முழம் யாருடையது என்று எவனும் கேட்பதில்லை. துரைக்கண்ணு தென்னைமரம் மாதிரி ஆள், நின்றால் கை முட்டிக்கு வரும். அவர் தன் கையால் அளந்து வெட்டிவிட்டார். சுவரில் அடித்துச் சாமான்களை ஒட்டியபோது, கடைசியில் ஓர் உள்ளங்கை அகலம் மிஞ்சியது.

கமலாட்சிக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. பானையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்துத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தாள். "சாமியே எடம் வுட்டிருக்குதுங்க, பாருங்க!"

"இது என் கை வைக்கிற எடம்!" என்று நமச்சிவாயம் அந்த இடத்தில் படாரென்று கையை வைத்தார். வைத்தது வைத்ததுதான்.

விளக்கெண்ணெய் தடவினார்கள், விபூதி போட்டார்கள். மைத்துனன் வேலாயுதம் இடுப்பைக் கட்டிக்கொண்டு இழுத்தான். துரைக்கண்ணு பட்டையைச் சுவரிலிருந்து கழற்றலாம் என்று திருப்புளியோடு வந்தார். திருப்புளி அவர் கையைவிட்டுப் பறந்து நமச்சிவாயத்தின் மணிக்கட்டில் ஒட்டிக்கொண்டது. பின்னால் சுத்தியல் போனது, அதுவும் ஒட்டிக்கொண்டது. காந்தத்தைத் தொட்ட ஆணி காந்தமாவதுபோல, முழங்கைவரை மனிதர் காந்தமாகியிருந்தார். துரைக்கண்ணு தன் சாமான்களை ஒவ்வொன்றாகப் பிய்த்துக்கொண்டு நடையைக் கட்டினார்.

இதில் மாட்டிக்கொண்டது மகள் ஏலவார்குழலிதான். தை மாதம் அவளுக்குக் கல்யாணம். அவளுடைய முகூர்த்தப் புடவை தறியில் பாதியில் நின்றது. அப்பா நெய்த புடவையில்தான் தாலி ஏறும் என்று சம்பந்தி வீட்டில் பெருமை அடித்திருந்தார் நம் ஆள். இப்போது முக்காலியில் உட்கார்ந்து, கையைச் சுவரில் வைத்துக்கொண்டு, புடவையையே முறைத்தார்.

"என் கத்தரிக்கு எடம் தரேன்னு வாயால ஒரு வார்த்தை சொல்லுங்க. வுட்டுடும்னு எனக்குத் தோணுது" என்றாள் கமலாட்சி.

"தொங்கிக்கினே சாவேன், சொல்ல மாட்டேன்."

"அப்ப நான் குழியில எறங்கறேன். பொண்ணு மணையில எதக் கட்டிக்கினு குந்தும்?"

"எறங்கித்தான் பாரேன்!"

இறங்கினாள். அவரால் என்ன செய்ய முடியும்? கத்தினார், அவ்வளவுதான். முதல் நாள் மிதிக்கட்டையை மாற்றி மிதித்தாள், இரண்டு இழை அறுந்தது, அவர் கெக்கலித்தார். அப்புறம் தறிச் சத்தத்தில் அவர் பேசியது யாருக்கும் கேட்கவில்லை. எதிர்ப்பக்கம் ஏலவார்குழலி நின்று நாடா எறிந்தாள். போகி அன்று புடவை முடிந்தது. கமலாட்சி பல்லால் கடிக்கவில்லை, அம்மா வீட்டுக் கத்தரிக்கோலால் கறக் கறக்கென்று அறுத்து இறக்கினாள். அவர் நெய்த பாதி எங்கே முடிந்தது, அவள் நெய்த பாதி எங்கே தொடங்கியது என்று அவரே குனிந்து குனிந்து தேடினார். தெரியவில்லை. பாவம், அதுதான் அவருக்குக் கை ஒட்டியதைவிட அதிகமாக வலித்தது.

புடவையை மடித்துவிட்டுக் கமலாட்சி சுற்றிப் பார்த்தாள். பிறகு கத்தரிக்கோலை அவர் முழங்கையில் மாட்டினாள். பச்சென்று பிடித்துக்கொண்டது.

"யாரக் கேட்டு மாட்டுன?"

"எடம் இருந்துது, மாட்டினேன்."

கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளையும் பெண்ணும் தறிவீட்டுக்கு வந்து முக்காலிக்கு முன்னால் விழுந்து கும்பிட்டார்கள், அவர் இடது கையால் விபூதி பூசினார். ஏழெட்டு வருஷத்தில் அந்தக் குழியிலிருந்து இறங்கிய புடவைகளுக்குக் கமலாட்சி புடவை என்றே பேர் வந்துவிட்டது. அவளுக்குச் சாமான்களும் பெருகின. சாமணம் மணிக்கட்டில், கொக்கிகள் அதற்கு மேலே, ஊசிகள் புறங்கையில். சுவரில் இருப்பது துரைக்கண்ணுவின் முழம், அதை ஒட்டி நீள்வது நமச்சிவாயத்தின் முழம். இரண்டும் சேர்ந்து அவளுக்கு அளவு சரியாக இருக்கிறது. அந்த ஒரு வார்த்தையை அவர் இன்னும் சொல்லவில்லை, அவளும் இப்போதெல்லாம் கேட்பதில்லை. பேரன் கத்தரிக்கோலைத் தேடினால், குழியிலிருந்து தலை தூக்காமல் சொல்கிறாள்: "தாத்தா கையில பாரு கண்ணு. எடுத்தா எடுத்த எடத்துலயே மாட்டு."