புது மேலாளரின் முதல் உரை

பிறரை வழிநடத்தப் பிறந்தவர்களின் நெஞ்சில் அச்சத்துக்கு இடமே கிடையாது. இடம் கிடைக்காத அச்சம், விடுதியின் சலவைப் பிரிவுக்குப் புதிதாக வந்த மேலாளரின் வயிற்றில் காலையிலேயே குடியேறியிருந்தது.

“நேர்மை, துணிவு, தொலைநோக்கு. இதான் என் கொள்கை” என்று கண்ணாடி முன் நின்று முழங்கினார்.

“மூணும் இருக்கட்டும். முதல்ல சட்டையைத் திருப்பிப் போடுங்க, தையல் வெளிய தெரியுது” என்றாள் மனைவி.

முதல் பேச்சிலேயே கோட்டைவிட்டால் அப்புறம் ஒருவரும் மதிக்கமாட்டார்கள் என்பது அவருடைய கவலை. ஆனால் சலவை இயந்திரங்களுக்கு நடுவே எல்லோரும் கூடி நின்றதும் மூன்று கொள்கைகளும் ஒருசேர மறந்துபோயின.

“என்ன சார், சட்டை பட்டனையே திருகிட்டு நிக்கிறீங்க?” என்று கேட்டாள் இஸ்திரி போடும் அக்கா.

“பயமா இருக்குக்கா. இந்த மெஷின்ல ஒண்ணுகூட எனக்கு ஓட்டத் தெரியாது. எதுன்னாலும் உங்களைக் கேட்டுத்தான் செய்வேன்.”

“அப்பாடா! போன சாருக்கு எல்லாம் தெரியும். யாரையும் கேக்காம சிவப்புத் திரையையும் வெள்ளை விரிப்பையும் ஒண்ணாப் போட்டாரு. ரெண்டாவது மாடி முழுக்க இன்னிக்கும் ரோஸ் கலர்தான்.”

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். யாரோ ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்கள். இன்னொருவர் தேநீர் கொடுத்தார். வயிறு அமைதியானது.

குடித்து முடித்து, நன்றி சொல்லி, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். அது அவர் அறை அல்ல, சோப்புத்தூள் மூட்டைகள் அடுக்கிவைக்கும் அறை.