அரைமணி கேட்ட கூடுதல் தாள்

அந்தக் கல்லூரியில் அவனுடைய சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. அரைமணி என்றால் காவலாளிக்குக்கூடத் தெரியும். தேர்வு தொடங்கி அரை மணி நேரம் ஆனதும், விரும்பியவர்கள் வெளியே போகலாம் என்று ஒரு மணி அடிப்பார்கள். அதன் ஓசை அடங்குவதற்குள் அவன் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருப்பான். கணக்குத் தேர்வில் ஆறு முறை இப்படித்தான். இது ஏழாவது முறை, கடைசி வாய்ப்பும் இதுதான். இதையும் விட்டால் பட்டம் இல்லை.

இன்றும் மணி அடித்தது. அரைமணி எழுந்தான். மேற்பார்வையாளர் கதவை இழுத்தார். கைப்பிடி மட்டும் கையோடு வந்தது.

"உக்காருப்பா. கதவு சிக்கிக்கிச்சு."

"நான் போகணும் சார்."

"நான் மட்டும் இங்க குடியிருக்கவா வந்தேன்?"

அரைமணி ஜன்னல் கம்பிகளைக் கண்ணால் அளந்தான். மூக்கு போகும், காது போகாது. வெளியே, ஆளனுப்பி வரவழைத்த தச்சர் பூட்டைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ரொம்பப் பழசு சார். ரெண்டு மணி நேரம் ஆவும்."

சுவர்கள் நான்கும் நகர்ந்து வந்து அவன் மேசையில் முட்டிக்கொண்டு நின்றன. கடிகார முள் ஒரு நிமிடம் நகர ஒரு வருடம் எடுத்துக்கொண்டது. விடைத்தாளில் இருந்தது அவனுடைய பதிவெண் மட்டும். பல்லிகளை எண்ணினான். மூன்று. வேறு போக்கிடம் இல்லாமல் மூன்றாம் கேள்வியைப் படித்தான். ஐந்து முறை படித்த பிறகு, இரண்டு மாதமாக அக்கா தலையில் குட்டிக் குட்டிச் சொல்லிக்கொடுத்த கணக்கு என்று பிடிபட்டது. போட்டான். தப்பு. அடித்துவிட்டு மறுபடி போட்டான். தப்பு. மூன்றாம் தடவை விடை வந்தது. யாருக்கு வந்தது என்று திரும்பிப் பார்த்தான். அவனுடையது கடைசி வரிசை, பின்னால் யாரும் இல்லை.

அடுத்த கேள்விக்குப் போனான்.

கதவு படாரென்று திறந்தபோது இன்னும் அரை மணி நேரம் பாக்கி இருந்தது.

"கெளம்புப்பா," என்றார் மேற்பார்வையாளர்.

"இன்னொரு தாள் வேணும் சார்."

அவர் கையிலிருந்த கைப்பிடி கீழே விழுந்தது. தாளும், அதை விடைத்தாளோடு கட்டும் நூலும் வந்தன. அரைமணி நூலை இப்படியும் அப்படியும் திருப்பினான்.

"இத எப்படி சார் கட்டுறது?"

"ஏழு தடவ எழுதறே, இது தெரியாதா?"

"இதுவரைக்கும் தேவைப்படல சார்." ஒருவழியாக ஒரு முடிச்சுப் போட்டான்.

கடைசி மணி அடித்தபோது மேற்பார்வையாளர் தாளை ஒரு பக்கம் இழுத்தார், அரைமணி மறுபக்கம் இழுத்தான்.

"விடுப்பா."

"ஒரே ஒரு வரி சார்."

தேற நாற்பது மதிப்பெண் வேண்டிய இடத்தில் நாற்பத்தொன்று வந்தது. அந்த ஒன்று நூல் முடிச்சுக்குப் போட்டது என்று அக்கா இன்றுவரை சொல்கிறாள்.